கலாசாலை விண்ணப்பம் வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்



சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, நம் சங்கத்து அங்கத்தினருள் ஒருவர் தம் புதல்வனை உடனழைத்துக்கொண்டு எம் இல்லம் போந்தார். பையன் பள்ளியிறுதி வகுப்பிற் பயில்பவன், கணிதத்தில் வல்லவன், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கலாசாலை ஒன்றிற் சேர விண்ணப்பம் விடுக்க எண்ணியிருந்தான். தந்தையார் அச்சிட்ட தாளொன்றை எம் கையிற் கொடுத்து, "ஐயா, பையன் அனுப்பவேண்டிய கட்டுரை இது. தாங்கள் ஒருமுறை பார்வையிட வேண்டும்" என்றார். படித்தேம். அநாதைச் சிறார் விடுதியொன்றில் அவன் ஈராண்டு தொண்டு புரிந்ததாகவும், ஆங்கு ஒரு குழந்தையின் துயர் கண்டு தன் வாழ்வின் நோக்கத்தை உணர்ந்ததாகவும் அதில் வரையப்பட்டிருந்தது. "தம்பி, அவ்விடுதி எவ்வூரில் உள்ளது?" என்று வினவினேம். பையன் தலை கவிழ்ந்தான். தந்தையாரே விடையிறுத்தார்: "கூலிக்கு எழுதித் தருபவர் ஒருவர் எழுதியது, ஐயா. எல்லாரும் இவ்வாறே செய்கின்றனர் என்று கேள்வி."

யாம் அன்று அவரைக் கடிந்திலேம். என்னை? அவ்விண்ணப்பத்தாள் யாது கருதி இத்தனை வினாக்களை வினவுகின்றது என்பதை அவரும் அறியார். அன்று யாமும் செவ்வனே அறியேம். நம் நாட்டில் மதிப்பெண்ணைக் காட்டி இடம் பெறுதலே பெரும்பான்மை வழக்கு. "நீ யார்? ஓய்ந்த பொழுதில் என் செய்கின்றாய்? உன்னை அறிந்த ஆசிரியர் உன்னைப்பற்றி என் சொல்லுவர்?" என்று கேட்கும் கலாசாலை நமக்குப் புதியது. இவ்வினாக்கள் எங்கே பிறந்தன, எவரை உள்ளே விடவும் எவரை வெளியே நிறுத்தவும் பிறந்தன என்று தேடிப் படிக்கலானேம். படித்தவற்றுள் நம்மவர் அறியத்தக்கவற்றைச் சுருக்கி ஈண்டு உரைக்கின்றேம்.

பழைய முறை

ஐக்கிய நாட்டுக் கலாசாலைகளுள் மிக முதியது ஹார்வர்டு. அது 1636-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆங்குச் சேர விரும்பிய சிறுவன், ஸிஸரோ முதலிய ஆசிரியர்தம் இலத்தீன் உரையைப் பார்த்தவுடன் பொருள்கொள்ளவும், இலத்தீனிற் செய்யுளும் உரைநடையும் இயற்றவும், கிரேக்க மொழியின் பெயர் வினைத் திரிபுகளைப் பிழையின்றிச் சொல்லவும் வல்லனாதல் வேண்டும் என்பது 1640-களில் ஏற்பட்ட விதி. அஃதன்றி நீண்ட விண்ணப்பத்தாளோ கட்டுரையோ இல்லை. மொழிப் புலமையே வாயிற்காவலனாய் நின்றது. எனினும், இலத்தீன் கற்பிக்கும் ஆசிரியரை வைத்துக்கொள்ள வல்ல குடும்பத்தார் மிகச் சிலரே ஆதலின், அவ்வாயில் திறந்திருப்பதுபோல் தோன்றியும் பலர்க்கு அடைபட்டே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கலாசாலையும் தனக்கெனத் தனிப் பரீட்சை வைத்துக்கொண்டது. ஒன்று ஒரு நூலைப் பாடமாக விதிக்கும். மற்றொன்று வேறொரு நூலை விதிக்கும். ஒரே வகுப்பிலிருந்து நான்கு கலாசாலைகட்கு நான்கு மாணாக்கரை ஆயத்தம் செய்யும் பள்ளியாசிரியர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. மிச்சிகன் சர்வகலாசாலை 1871-ஆம் ஆண்டு முதல் வேறு வழி கண்டது; தான் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட பள்ளிகளில் தேறிய மாணாக்கரைத் தனிப் பரீட்சையின்றியே சேர்த்துக்கொண்டது. மாணாக்கன் பள்ளியிற் பெற்ற மதிப்பெண்ணையும் பள்ளியின் தரத்தையும் நோக்கும் இக்கால வழக்கிற்கு இது வித்தாயிற்று.

அக்காலத்தில் நம் பாரத நாட்டுப் பெண்மணி ஒருவர் விடுத்த விண்ணப்பத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மஹாராஷ்டிர தேசத்து ஆனந்திபாய் ஜோஷி அம்மையார், பதினெட்டாம் வயதில், 1883-ஆம் ஆண்டு, பென்ஸில்வேனியாவிலிருந்த மாதர் வைத்தியக் கலாசாலைக்குக் கடிதம் எழுதினார். தமக்கு முறையான முன்கல்வி போதாதென்பதை அவர் மறைத்திலர். தம் நண்பரும் குலத்தாரும் எதிர்த்தும் உறுதி தளராது கடல் கடந்து வந்ததையும், தம் நாட்டுப் பெண்களின் நோய் தீர்க்கும் வைத்தியம் கற்றலே தம் நோக்கம் என்பதையும் நேர்மையாய் எழுதினார். இடம் கிடைத்தது. 1886-இல் பட்டம் பெற்றார். தம் நாடு திரும்பிய சில மாதங்களிலேயே, 1887-இல், உயிர் நீத்தார். அம்மையாரைத் தடுத்தது அந்நியக் கலாசாலையன்று, தம் குலத்தாரே என்பதை நம் சங்கத்தார் உளங்கொள்வாராக. இதனைக் கட்டுரை முடிவில் மீண்டும் குறிப்பேம்.

பொதுப் பரீட்சை

பரீட்சைக் குழப்பத்தை நீக்கக் கருதி, கிழக்குப் பகுதிக் கலாசாலைகள் சில ஒன்றுகூடி 1900-ஆம் ஆண்டில் கலாசாலைப் பிரவேசப் பரீட்சைக் கழகத்தை நிறுவின. 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதற் பரீட்சை நடைபெற்றது. 973 பேர் எழுதினர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன், கிரேக்கம், வரலாறு, கணிதம், இரசாயனம், பௌதிகம் என்பன பாடங்கள். எவர் மகனாயினும் ஆகுக, பரீட்சையில் தேறியவன் உள்ளே புகலாம் என்னும் நிலை அதனால் வலுப்பெற்றது.

இந்நிலையை மிக நன்கு பயன்கொண்டவர் யூதர். 1881-ஆம் ஆண்டிற்குப் பின் ருஷ்ய நாட்டுக் கொடுமைக்கு அஞ்சிக் குடிபெயர்ந்து வந்த அவர்கள், நியூயார்க் முதலிய நகரங்களிற் தையற்றொழிலும் சிறு வாணிகமும் செய்து வயிறு வளர்த்தனர். மக்களை மட்டும் பொதுப் பள்ளிக்கு அனுப்பிக் கருத்தாய்ப் படிக்க வைத்தனர். அம்மக்கள் பரீட்சையில் தேறினர், கலாசாலை புகுந்தனர். 1900-இல் ஹார்வர்டு மாணாக்கருள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவராக இருந்த யூதர், 1922-இல் நூற்றுக்கு இருபத்தொருவர்க்கு மேலாயினர். கொலம்பியாவில் அவர்தம் தொகை அதனினும் மிகுதி.

விண்ணப்பத்தாள் பிறந்த கதை

ஏழைக் குடிகள் கற்றுயர்வது கண்டு மகிழ வேண்டிய கலாசாலைத் தலைவர்கள் மனம் வெதும்பினர். செல்வக் குடும்பத்தார் தம் மைந்தரை வேறிடங்கட்கு அனுப்பிவிடுவர் என்று அஞ்சினர். பரீட்சையில் தேறியவனை யாது காரணங்கூறித் தள்ளுவது? அதற்கு வழி தேடியபொழுது பிறந்ததே நீண்ட விண்ணப்பத்தாள்.

கொலம்பியா 1919-ஆம் ஆண்டில் எட்டுப் பக்க விண்ணப்பத்தாளை ஏற்படுத்திற்று. விண்ணப்பிப்போன் தன் புகைப்படத்தை ஒட்டுதல் வேண்டும். தன் மதத்தையும், தன் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரையும் குறித்தல் வேண்டும். ஹார்வர்டுத் தலைவர் லோவெல் என்பார் 1922-இல் யூதர்க்கு வெளிப்படையாக வரம்பு விதிக்க முயன்றார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆசிரியர் குழுவொன்று 1923-இல் அதனை மறுத்தது. ஆயினும் 1922 இலையுதிர் காலம் முதலே ஹார்வர்டு விண்ணப்பத்தாளில், இனம் யாது, மதம் யாது, தந்தை பிறந்த இடம் யாது, பிறந்தபின் உன் பெயரேனும் தந்தை பெயரேனும் மாற்றப்பட்டதுண்டோ என்னும் வினாக்கள் புகுந்துவிட்டன. பெயரை மாற்றிக்கொண்ட யூதனையும் கண்டுபிடித்தற்கே இறுதி வினா! 1926-இல் முதலாண்டு மாணாக்கர் தொகையை ஆயிரத்திற்கு வரையறுத்து, 'குணநலன்' நோக்கியே தெரிந்தெடுத்தல் வேண்டும் என்று விதித்தனர். குணத்திற்கு அளவுகோல் ஏது? யாரைத் தள்ள விரும்பினரோ அவரைக் குணமிலார் என்றனர். முந்திய ஆண்டில் நூற்றுக்கு இருபத்தேழுக்கு மேலிருந்த யூதர் தொகை, சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பதினைந்தாய்க் குறைந்தது.

டார்ட்மத் கலாசாலையும் அவ்வாண்டுகளிலேயே தெரிந்தெடுக்கும் முறையை வகுத்தது. ஊர்வாரியாக இடம் பகிர்தல், பழைய மாணாக்கர் நேரிற்கண்டு பேசுதல், பழைய மாணாக்கர்தம் மைந்தர்க்குச் சலுகை தருதல் என்பன அம்முறையின் உறுப்புக்கள். 1965-இல் நோபெல் பரிசு பெற்ற பௌதிகப் பேரறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் இளைஞராயிருந்தபொழுது கொலம்பியாவிற்கு விண்ணப்பித்து இடம் பெற்றிலர். யூதர்க்கிருந்த வரம்பே அதற்குக் காரணம் என்று அவரே பிற்காலத்துக் கூறியுள்ளார். அவர் 1935-இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையிற் சேர்ந்தார். இழந்தவர் எவர் என்பதைப் படிப்போர் தாமே முடிவு செய்க.

நுண்ணறிவுப் பரீட்சை

1926-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எஸ்.ஏ.டி. என்னும் புதிய பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. ஏறத்தாழ எண்ணாயிரவர் எழுதினர். இதனை வகுத்த கார்ல் பிரிகம் என்பார், 1923-இல் இனத்திற்கேற்ப நுண்ணறிவு வேறுபடும் என்று நூலெழுதியவர். 1930-இல் தம் முடிபு அடிப்படையற்றது என்று தாமே மறுத்துரைத்தவர். தவற்றை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவர்பால் இருந்தது. 1933-இல் ஹார்வர்டுத் தலைவரான கோனண்ட் என்பார், பெயர்பெற்ற தனிப்பள்ளிகளிற் பயிலாத ஏழை அறிவாளிகளைத் தேடி உபகாரச் சம்பளம் கொடுக்க இப்பரீட்சையையே கருவியாகக் கொண்டார். ஒரு கருவி தீயநோக்கிற் பிறந்தும் நன்னோக்கிற்குப் பயன்படலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்வீரர்க்கு அரசாங்கமே கல்விச் செலவை ஏற்றது. ஏறத்தாழ 22 இலட்சம் வீரர் கலாசாலை புகுந்தனர். இடம் சிலவும் விண்ணப்பம் பலவும் ஆயின, தெரிந்தெடுத்தலும் கடுமையாயிற்று.

நற்சான்றுக் கடிதம்

கறுப்பினத்தார் பட்ட இடரை ஒரு வரலாற்றால் விளக்குவாம். ஜேம்ஸ் மெரிடித் என்பவர் ஒன்பதாண்டு விமானப்படையிற் பணிபுரிந்தவர். 1961-இல் மிஸிஸிப்பி சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். பழைய மாணாக்கர் தரும் நற்சான்றுகளை இணைத்தல் வேண்டும் என்பது அங்கு விதி. பழைய மாணாக்கர் அனைவரும் வெள்ளையர். கறுப்பினத்தான் ஒருவனுக்கு அவருள் எவர் சான்று தருவார்? அவ்விதியில் எங்கும் நிறம் பேசப்படவில்லை. ஆயினும் அது நிறத்தையே தடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1962-இல் இதனை ஆராய்ந்து, அவ்விதி கறுப்பினத்தார்க்குச் சம உரிமையை மறுக்கின்றது எனத் தள்ளிற்று. 1962 அக்டோபர் முதல் நாள், பெருங்கலகத்திற்கிடையே, படைவீரர் காவலுடன் மெரிடித் உள்ளே புகுந்தார். 1963-இற் பட்டம் பெற்றார்.

இக்காலத்து நிலை

1975-இல் பதினைந்து கலாசாலைகள் கூடி ஒரே விண்ணப்பத்தாளை ஏற்றுக்கொண்டன. 'பொது விண்ணப்பம்' எனப்படும் அதனை இன்று ஆயிரத்திற்கு மேற்பட்ட கலாசாலைகள் ஏற்கின்றன. 1969-இல் பௌடின் கலாசாலை நுழைவுப் பரீட்சையைக் கட்டாயமன்று எனத் தளர்த்தியது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபொழுது மிகப் பல கலாசாலைகள் அவ்வாறே செய்தன. பின்னர் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை 2022-இலும், டார்ட்மத், யேல், ஹார்வர்டு முதலியன 2024-இலும் பரீட்சையை மீண்டும் வேண்டலாயின. ஆகவே விதி ஆண்டுதோறும் மாறும். அவ்வக் கலாசாலையின் அறிவிப்பை நேரிற் பார்த்தே தெளிதல் வேண்டும்.

'குணநலன்' பற்றிய வழக்கும் முடிந்தபாடில்லை. ஹார்வர்டில் ஆசிய வழிவந்த மாணாக்கர்க்கு 'ஆளுமை' என்னும் பகுதியிற் குறைந்த மதிப்பீடு தரப்படுகின்றது என்று 2014-இல் வழக்குத் தொடரப்பட்டது. நம் நாட்டு வழியினரும் அவ்வினத்துள் அடங்குவர். வேண்டுமென்றே இழைத்த வேற்றுமை இல்லை என 2019-இற் கீழ் நீதிமன்றம் கூறிற்று. 2023 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, இனம் நோக்கி இடமளித்தல் சட்டத்திற்கு ஒவ்வாது என்றது. ஆயினும், தன் இனத்தால் தான் பட்ட இடரையும் அதனை வென்ற துணிவையும் மாணாக்கன் கட்டுரையில் எழுதலாம் என்றும் கூறிற்று. கறுப்பின மாணாக்கர்க்குத் துணையாயிருந்த முறை இதனால் நின்றது என்று வருந்துவோரும் உளர். நடுநிலை நின்றது என்று மகிழ்வோரும் உளர்.

மாணாக்கர் செய்யத்தக்கன

இவ்வரலாற்றினின்று நம் பிள்ளைகள் கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, கல்வியே அடிப்படை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்காண்டு மதிப்பெண்களையும் கேட்பர். இறுதியாண்டில் விழித்துக்கொள்வோன் மூன்றாண்டை இழந்தவனாவான்.

இரண்டாவது, கட்டுரை. பொது விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மேல் இடமில்லை. அதில் உலகைத் திருத்தப் புறப்பட வேண்டுவதில்லை. கண்டது, செய்தது, பிழைத்தது, திருந்தியது ஆகியவற்றுள் ஒன்றைத் தெளிவாய்ச் சொன்னாற் போதும். கூலிக்கு எழுதுவோர் கட்டுரையும், இயந்திரம் எழுதித் தரும் கட்டுரையும் எவர் பெயரையும் தாங்கும். ஆதலின் எவரையும் காட்டா. 2019-இல் வெளிப்பட்ட வழக்கொன்றில், செல்வர் பலர் பொருள் கொடுத்துத் தம் மக்களை விளையாட்டு வீரர் எனப் பொய்யாகக் காட்டியும், பரீட்சையில் ஆள் மாற்றியும் இடம் பெற்றமை தெரியவந்து, பெற்றோர் சிறை புகுந்தனர்.

மூன்றாவது, செயல்கள். விண்ணப்பத்திற் பத்துச் செயல்கட்கு இடமுண்டு. பத்தையும் நிரப்புதல் பெருமையன்று. ஒன்றிரண்டில் ஆழ்ந்து நிற்றலே பெருமை. தந்தையின் கடையிற் கணக்கெழுதுதலும், தம்பி தங்கையரைப் பேணுதலும், நோயுற்ற பாட்டிக்குத் துணையிருத்தலும் அதிற் குறிக்கத்தக்கனவே. குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை அதிற் காணப்படுகின்றது. நம் பிள்ளைகள் இவற்றை எழுத நாணுகின்றனர், நாணற்க.

நான்காவது, ஆசிரியர் கடிதம். "நல்லொழுக்கமுடையான்" என்று ஆயிரவர்க்கு எழுதிய தொடரையே எழுதுதல் எம்மனோர் வழக்கம். இனி எம் தோழர், மாணாக்கன் செய்த ஒரு செயலைக் குறித்து எழுதுவாராக. மாணாக்கரும் இறுதி நாளில் வந்து நில்லாது இரு திங்கள் முன்னரே வேண்டிக்கொள்வாராக.

ஐந்தாவது, நாளும் பொருளும். முன்கூட்டி விண்ணப்பிப்போர்க்கு நவம்பர் முதல் நாளும், ஏனையோர்க்கு ஜனவரி முதல் நாளும் பல கலாசாலைகளில் எல்லை. முன்கூட்டி விண்ணப்பித்தலில் இடம் கிடைத்தாற் சேர்ந்தேயாக வேண்டும் என்னும் உடன்படிக்கையும் ஒருவகை. கையொப்பமிடுமுன் பெற்றோர் படிக்க. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், அமர்ஸ்ட் முதலிய சில கலாசாலைகள் அயல்நாட்டு மாணாக்கரையும் பொருள்நிலை நோக்காது தெரிந்தெடுத்து, வேண்டும் பொருளுதவியும் தருகின்றன. பிற பலவும் அவ்வாறு அல்ல. ஹார்வர்டில் இக்காலத்து நூற்றுக்கு ஐவரும் இடம் பெறுவதில்லை. ஆதலின் ஒன்றையே நம்பிக் கடன் வாங்கி நிற்றல் அறிவுடைமையன்று. இடம் கிடையாமை இழுக்குமன்று.

முடிவுரை

இனி, முன்னர்க் குறித்ததை மீண்டும் எடுத்துக்கொள்வாம். அயல்நாட்டார் செய்த தவற்றைக் கூறி மகிழ்தற்கு இக்கட்டுரை எழுந்ததன்று. நம் சங்கத்து உபகாரச் சம்பள விண்ணப்பத்தாளை அன்பர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க. ஆயுள் அங்கத்தினர் இருவர் நற்சான்று இணைத்தல் வேண்டும் என்று அதில் அச்சிடப்பட்டுள்ளது. எம் பள்ளியிற் பயிலும் நம் குலத்துப் பெண்ணொருத்தி, தந்தையை இழந்தவள். தாய் தையற்றொழிலால் அவளைப் படிக்க வைக்கின்றார். வகுப்பில் முதன்மை பெற்ற அவள், சென்ற ஆண்டு அத்தாளை வாங்கிச் சென்று, நிரப்பாமலே எம்மிடம் திருப்பித் தந்தாள். "ஐயா, எங்களுக்கு ஆயுள் அங்கத்தினர் எவரையும் தெரியாதே" என்றாள். மிஸிஸிப்பியிற் கேட்ட நற்சான்றிற்கும் நாம் கேட்கும் நற்சான்றிற்கும் வேற்றுமை யாது? தீய எண்ணம் நம்பால் இல்லை என்பது மெய். எண்ணம் நன்றாயினும், அடைபட்டது வாயில் அன்றோ? அவ்விதியை நீக்கி, கற்பித்த ஆசிரியர் ஒருவர் சான்றே போதும் எனத் திருத்துமாறு வருகின்ற ஆண்டுக்கூட்டத்தில் யாம் ஒரு தீர்மானம் கொணரவிருக்கின்றேம். அன்பர்கள் ஆதரிப்பாராக.

எம் இல்லம் போந்த பையன் பின்னர் என் செய்தான் என்று வினவுவீர்கள். பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டு, பத்து நாள் சென்றபின் புதியதொன்றைக் கொணர்ந்தான். தந்தையின் மளிகைக் கடையிற் கடன் பேரேட்டைத் தான் எழுதிவந்ததையும், ஒருமுறை கூட்டலிற் பிழைசெய்து ஏழையொருவரிடம் மிகுதியாய்ப் பணம் வாங்கிவிட்டதையும், பிழை கண்டு அவர் வீடு தேடிச் சென்று திருப்பிக் கொடுத்ததையும் அதில் எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் இரண்டோரிடம் தடுமாற்றம் இருந்தது. யாம் மிகுதியாய்த் திருத்தினேமல்லேம். தந்தையார் அதனைப் படித்துவிட்டு நெடுநேரம் வாய் பேசாதிருந்தார். பின்னர், "இது எனக்கே தெரியாது, ஐயா" என்றார்.

இடம் கிடைத்தல் கிடையாமை கலாசாலையார் கையிலுள்ளது. மகனைத் தந்தை அறிந்துகொண்டார். அப்பயன் அன்றே கிடைத்துவிட்டது.